மடிக்கொடியில் ஒரு கம்பளி

மார்கழி மாதத்துச் சாயங்காலம். பவானிபூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டு. குழாயடிக் கல்லின்மேல் என் மைத்துனர் சேஷு உட்கார்ந்திருக்கிறார். சூம்பிப்போன கால்கள் இரண்டையும் கையால் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர்.

என் மாமியார் சொம்பால் மொண்டு மொண்டு அவர் தலையில் விடுகிறாள். தண்ணீர் விழுகிற இடத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே விடுகிறாள்.

தெருவில் கரி அடுப்புப் புகை தாழ்ந்து கிடக்கிறது. அண்டை வீடுகளில் சங்கு ஊதுகிறார்கள். சேஷுவின் பற்கள் தாளம் போடுகின்றன.

"அம்மா, இன்னிக்குக் கங்கை ஹிமயத்துலேர்ந்து நேரா நம்மாத்துக் குழாய்க்கே வந்துடுத்து போலிருக்கே!"

"பேசாதேடா. தண்ணி வாய்க்குள்ள போயிடும்."

"போகட்டுமே. தாகமாத்தான் இருக்கு."

நான் துவைத்த துண்டை வைத்துக்கொண்டு தூண் மறைவில் நிற்கிறேன். பின்வாசலுக்கு வெளியே பனமாலி நிற்கிறான். சேஷுவைத் தூக்கி வந்தவன் அவன்தான். அவனும் எதிர்ச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் டிராம் வண்டியைப் பற்றி எழுதினேன் அல்லவா? அந்த டிராமில் தினம் பி.ஏ. படிக்கப் போய் வந்த சேஷுவைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன். அது போதாது என்று அன்றே மனசு சொல்லிற்று.

கல்கத்தாவில் ஒரு தஞ்சாவூர்

என் அகத்துக்காரருக்குக் கம்பெனி ஆபீசில் உத்தியோகம். மாமனார் காலமானபின் தாயாரையும் தம்பியையும் கல்கத்தாவுக்கே அழைத்துவந்துவிட்டார். நான் அப்புறம் வந்தேன். மூன்று கிளாஸ் படித்தவள். புதுப்பெண். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல மூடியே வைத்திருப்பேன். பெருமையினால் அல்ல, பயத்தினால்தான்.

வாசலுக்கு வெளியே கல்கத்தா. மீன் கூடை, குதிரை வண்டி, வேர்க்கடலைக்காரன். வாசலுக்கு உள்ளே அப்படியே தஞ்சாவூர். மாமியார் விடியுமுன் ஸ்நானம் பண்ணி, மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அப்புறம் யாரும் அவளைத் தொடக்கூடாது. அவளுடைய புடவைகள் கூரையை ஒட்டி ஓர் உயரமான கொடியில் தொங்கும். அதுதான் மடிக்கொடி. குளிக்காதவர் நிழல்கூட அதில் படக்கூடாது. போடவும் எடுக்கவும் ஒரு நீளக் கொம்பு உண்டு.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சேஷுவும் சிரித்தவர்தான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே நனைந்தார்.

அம்மாவின் இடுப்பு

சேஷுவுக்குக் குழந்தையில் ஒரு ஜுரம் வந்ததாம். ஜுரம் போயிற்று, கூடவே கால்களும் போய்விட்டன. ஊரில் பள்ளிக்கூடம் சேர்த்தபோது வாத்தியார், "நடக்காத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்றாராம். "காலாலயா படிக்கப்போறான், தலைக்குத்தானே படிப்பு?" என்று கேட்டுவிட்டு, மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினம் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். பிள்ளைக்கு மீசை அரும்பும் மட்டும் சுமந்தாள். அதனால் அவள் நடக்கையில் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். குடமில்லாமலே குடம் எடுத்துப் போகிறவள் மாதிரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாமியாரைக் கல்மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கல்கத்தாவில், பி.ஏ.வுக்கு முந்தின எஃப்.ஏ. வகுப்பு பக்கத்துத் தெருவிலேயே, கீழ்த்தளத்தில் நடந்தது. தச்சன் செய்துகொடுத்த சக்கரப் பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டே போய்ப் படித்து முடித்துவிட்டார். பி.ஏ.வுக்கு வடக்கே தூரத்தில் ஒரு பெரிய காலேஜ். டிராமில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். வகுப்புகளோ மாடியில். சக்கரப் பலகை படி ஏறுமா?

பனமாலி

அப்போதுதான் பனமாலி வந்தான். ஒரியாக்காரன். பல்லக்குத் தூக்கின தோள். பல்லக்குக்குக் காலம் போய், டிராம் வந்து அவன் பிழைப்பைக் கெடுத்திருந்தது. என் அகத்துக்காரர் அவனைப் பேசி அமர்த்தினார்.

காலையில் சேஷுவை முதுகில் ஏற்றிக்கொண்டு டிராமுக்கு நடப்பான். காலேஜில் மாடிப்படி ஏறி, வகுப்புக்கு வகுப்பு தூக்கி உட்கார வைப்பான். மற்ற நேரமெல்லாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான்.

"பௌமா," என்பான் என்னிடம். மருமகளை வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. "பாபு கேட்கிற பாடமெல்லாம் நானும் கேட்கிறேன். புரியவில்லை, அவ்வளவுதான். பாபு பக்கத்தில் இருக்கிற பாபுக்களுக்கும் புரிகிற மாதிரித் தெரியவில்லை."

நான் முந்தானைக்குள் சிரிப்பேன்.

ஆனால் சாயங்காலம் வீடு திரும்பினதும் குழாயடிதான். பனமாலி தொட்டுத் தூக்கியிருக்கிறானே! குளித்து, ஈரம் மாற்றிக்கொண்டால்தான் மாமியார் சோறு போடுவாள்.

ஒருநாள் சேஷு வழக்குப் பேசினார். "அம்மா, அண்ணா டிராம்ல ஊர் முழுக்க இடிச்சுண்டு வரானே, அவன் காலை மட்டும்தானே அலம்பறான்?"

"அவனை இடிச்சவா யார்னு நேக்குத் தெரியாது. உன்னைத் தூக்கிண்டு வரவனை நான் கண்ணால பாக்கறேனே!"

பார்க்காமல் இருந்தால் போயிற்று என்று சேஷு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்லடி மாதிரி பட்டிருக்கும். அவருக்குப் பேச்சில் அந்த அளவு தெரியும்.

பனமாலிக்கும் ஆசாரம் உண்டு. "மா, என்னைத் தொட்டதற்குப் பாபு குளிக்கிறார். பாபுவைத் தொட்டதற்கு நானும் வீட்டுக்குப் போய்க் குளிக்கிறேன். மதராஸி தொட்டால் எங்கள் ஜாதி மட்டும் என்ன ஆவது?" என்றான் ஒருநாள்.

மாமியாருக்கு அரைகுறை வங்காளம் தெரியும். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தன்னால்கூட ஒருவனுக்குத் தீட்டு உண்டாகும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளே போனாள். சுவரைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் விட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

இன்னொன்று. குளித்துத் துவட்டினதும் சேஷு முதலில் கேட்பது குடிக்கத் தண்ணீர்தான். ஒரு சொம்பை மூச்சுவிடாமல் குடிப்பார். காலையிலிருந்து ஒரு வாய் குடித்திருக்க மாட்டார். காலேஜில் ஒதுங்குமிடம் கீழே கொல்லையில் இருந்தது. தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் வகுப்பு நடுவில் பனமாலியைக் கூப்பிட வேண்டும். அதற்காக நாள் முழுக்க வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருந்தார். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கிற்று. அப்போது, வங்காளத்து வெயில் தாகம் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழியில் ஏது வெயில்?

பர்சென்டேஜ்

மழைக்காலம் வரை குளியல் ஒன்றும் செய்யவில்லை. பனிக்காலம் பிறந்ததும் சேஷுவுக்கு இருமல் கண்டது. அப்புறம் ஜுரம். ஜுரம் விட்டுக் காலேஜ் போவார், சாயங்காலம் வாளி, மறுபடி ஜுரம். வெந்நீர் வைத்துக் கொடுத்தும் பார்த்தோம். ஈரத்தலையோடு பனியில் உட்காருகிற உடம்புக்கு வெந்நீர் என்ன, தண்ணீர் என்ன?

ஒருநாள் அவரோடு படிக்கிற நிர்மல் என்ற வங்காளிப் பிள்ளை வந்தான். கூடத்தில் உட்கார்ந்து, என் அகத்துக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அவர் முகம் சுருங்கிற்று.

விஷயம் இதுதான். இத்தனை பங்கு வகுப்புக்கு வந்திருந்தால்தான் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். அதற்குப் பர்சென்டேஜ் என்று பேர். சேஷுவுக்கு அது விளிம்புக்கு வந்துவிட்டது. இனி ஒரு ஜுரம் வந்து படுத்தால் பரீட்சை கிடையாது.

மற்றப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. வராதவனுக்குப் பதில் வந்தவன் பின்பெஞ்சியிலிருந்து "பிரசன்ட்" என்று குரல் கொடுத்துவிடுவான். "எனக்கு யார் குரல் குடுக்கறது?" என்று சேஷு சிரித்தார். "நான் வரலேன்னா மாடிப்படிக்கே தெரிஞ்சுடும்."

நிர்மல் போனபிறகு என் அகத்துக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "சேஷு, எஃப்.ஏ. இருக்கு. போதும்டா. ஆத்துல உக்காந்துண்டு நாலு பசங்களுக்குப் பாடம் சொல்லிக்குடு. உடம்பு தேறட்டும். இந்த மாசத்தோட பனமாலியை நிறுத்திடறேன்."

சேஷு அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, தினம் ரெண்டு வாளி வேணும்னாலும் ஊத்திக்கறேன். காலேஜை நிறுத்தாதே" என்றார். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

அடுப்படியில் மாமியாருக்கு எல்லாம் கேட்டது. வெண்டைக்காய் நறுக்குகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மாப்பிள்ளை வந்தார்

மறுநாள் காலை மாமியாரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். மாமனாருடைய பட்டு வேஷ்டியையும் பட்டு அங்கவஸ்திரத்தையும் பெட்டியிலிருந்து எடுத்தாள். "பட்டுக்கு விழுப்பு, தீட்டு ஒண்ணும் கிடையாது. இதை இடுப்புலேர்ந்து கழுத்து மட்டும் சுத்திண்டு போ. அவன் கை பட்டு மேலதானே படும்?" என்றாள்.

மயில்கண் கரை போட்ட பட்டைச் சுற்றிக்கொண்டு பனமாலி முதுகில் சேஷு கிளம்பினார். தெருப்பிள்ளைகள் விடுவார்களா? "போர் எஷேச்சே! போர் எஷேச்சே!" என்று பின்னாலேயே ஓடினார்கள். மாப்பிள்ளை வந்தாச்சு என்று அர்த்தம். காலேஜிலும் அதே பாட்டாம். ஒருவன் புருபுருவென்று வாயாலேயே நாதஸ்வரம் மாதிரி ஊதினானாம்.

அதைக்கூடச் சேஷு பொறுத்துக்கொண்டார். பட்டு பொறுக்கவில்லை. பனமாலியின் வியர்த்த முதுகும் வழுக்கல் பட்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? டிராம் படியில் ஏறும்போது சேஷு சரசரவென்று நழுவினார். பனமாலி சட்டென்று திரும்பி அவருடைய வெறுங்கையைப் பிடித்திராவிட்டால் சக்கரத்தடியில் போயிருப்பார். முகவாயில் மட்டும் காயம்.

சாயங்காலம் வந்தபோது பட்டு கிழிந்திருந்தது. முகவாயில் மஞ்சள் வைத்துக் கட்டினாள் மாமியார். ஆனால் அதற்கு முன்னால் வாளியில் மொண்டு தலையில் விட்டாள். வெறுங்கையைத் தொட்டுவிட்டானே!

"பட்டும் போச்சு, குளியலும் ஆச்சு" என்றார் சேஷு.

மாமியார் அன்று சாப்பிடவில்லை. "மாசம் முடிஞ்சா நிறுத்திடு" என்று பெரிய பிள்ளையிடம் தானே சொல்லிவிட்டாள்.

ஸ்வெட்டர் போட்ட குழந்தை

கல்கத்தாக்காரர்களுக்குப் பனி என்றால் அப்படி ஒரு மரியாதை. கார்த்திகையில் காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், காது குல்லாய், கால் மேஜோடு எல்லாம் வந்துவிடும். பக்கத்து வீட்டு வங்காளி மாமியை நாங்கள் காக்கிமா என்போம்; அவள் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஓயாமல் கம்பளிநூல் பின்னிக்கொண்டே இருப்பாள். எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான்.

ஒரு மத்தியானம் மாமியார் மாடியில் மடியாக வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். நான் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். காக்கிமாவின் பேரக்குழந்தை, தலையிலிருந்து கால்வரை கம்பளியால் பின்னின உடுப்போடு, சுவரில் தொற்றி இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. நேராக வந்து மாமியார் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மீன் சாப்பிடுகிற வீட்டுக் குழந்தை! வடாம் போச்சு என்று நினைத்தேன்.

மாமியார் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். "கம்பளின்னா போட்டுண்டிருக்கு? தோஷமில்லே" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறுகையால் வடாம் பிழிந்தாள்.

எனக்குக் காக்காய் ஓட்ட மறந்துபோயிற்று. இரண்டு வடாம் போனதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

கல்கத்தாக் குளிருக்கென்று என் அம்மா சீரோடு ஒரு கம்பளி கொடுத்திருந்தாள். ஊர்க் குறும்பாட்டு ரோமத்தில் நெய்த கறுப்புக் கம்பளி. குத்தும். கனம். ஆனால் கல்மாதிரி உழைக்கும். அன்றிலிருந்து தினம் மத்தியானம், மாமியார் கண் அயருகிற நேரத்தில், மாடியில் உட்கார்ந்து அதை வெட்டித் தைத்தேன். அரிசி மூட்டை தைக்கிற கோணி ஊசி இருந்தது. சணல் நூல் இருந்தது. முதல் வெட்டுக்கு முன்னால் ஒருதரம் மடித்து வைத்துவிட்டேன். அம்மா கொடுத்த கம்பளி ஆயிற்றே. மறுபடி பிரித்து வெட்டிவிட்டேன்.

உட்கார ஒரு தொட்டில் மாதிரிப் பை. அதிலிருந்து பனமாலியின் இரண்டு தோளுக்கும் அகலமான இரண்டு வார். அவன் முதுகும் தோளும் மூடும்படி ஒரு போர்வை, சேஷு பிடித்துக்கொள்ள அதிலேயே இரண்டு வளையம். தூக்க வைக்க, பையின் ஓரத்தில் கைப்பிடி. அளவெடுக்க யாரைக் கேட்பேன்? தூண் மறைவிலிருந்து பார்த்த கண்ணளவுதான்.

கொடியில்

தைத்தாயிற்று. காட்டுவது எப்படி? சொல்ல வாய் வராது. அகத்துக்காரரிடம் சொன்னால், "அம்மாவுக்கு நீ ஆசாரம் சொல்லித் தறயா?" என்பார்.

விடியற்காலையில் குளித்தேன். ஈரப்புடவையோடு கொம்பை எடுத்து, அந்தக் கம்பளிப் பையை மாமியாரின் மடிக்கொடியில், அவள் புடவைகளுக்கு நடுவில் போட்டேன். போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மாமியார் வந்தாள். அண்ணாந்தாள்.

"யாருடீ இதை இங்கே போட்டது?"

நான் தலைகுனிந்தேன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? என்ன இது, யானைக்குச் சட்டையா?"

அவளே கொம்பால் எடுத்தாள். விரித்தாள். பையைப் பார்த்தாள், வாரைப் பார்த்தாள், கைப்பிடியைப் பார்த்தாள். என் சீர்க் கம்பளி என்று தெரிந்துகொண்டாள். அப்புறம் ஒரு வாரைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். தையல் தாங்குமா என்று பார்க்கிறாள்! சாய்ந்த இடுப்போடு அவள் இழுத்த இழுப்பில் நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

தையல் தாங்கிற்று.

"சேஷு!" என்று கூப்பிட்டாள். "எழுந்திருடா. காலேஜுக்கு நாழியாறது. கம்பளிக்கு ஏதுடா தீட்டு? இந்த ஊமைக்குத் தெரிஞ்சது நேக்குத் தெரியலை பாரு!"

சேஷு பையில் உட்கார்ந்து பார்த்தார். "மன்னி, இது சிம்மாசனம். கொஞ்சம் குத்தற சிம்மாசனம்" என்றார். பனமாலி வாரை மாட்டிக்கொண்டு எழுந்து, இரண்டு எட்டு நடந்து, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினான். சேஷு அசையவில்லை.

"நல்லது, பௌமா. பாபுவின் எலும்பு இனி என் முதுகில் குத்தாது" என்றான். அப்புறம் மாமியாரைப் பார்த்து, "மா, நடுவில் கம்பளி இருக்கிறதே, இனி நானும் குளிக்க வேண்டாம்தானே?" என்றான்.

மாமியார் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பனிக்காலத்தில் சேஷுவுக்கு அப்புறம் ஜுரம் வரவில்லை. பர்சென்டேஜும் தேறிற்று. கம்பளி போட்டுக்கொண்டு வைகாசி வெயிலில்கூடப் போனார்கள், இரண்டு பேருக்கும் வேர்க்குரு. பி.ஏ. பரீட்சை எழுதிப் பாஸானார். "நாங்கள் பாஸ்" என்று பனமாலி டிராம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். அதற்குமேல் சட்டமும் படித்தார். அந்தக் காலேஜிலும் மாடிதான். கம்பளியின் வாரை மட்டும் ஒருதரம் மாற்றித் தைத்தேன்.

ஆனால் எனக்கு நிம்மதி வந்தது பரீட்சை பாஸானபோது அல்ல. கம்பளி போட்ட முதல் நாள் சாயங்காலம்தான்.

காலையில் சிரித்துவிட்டாளே தவிர, சாயங்காலம் மாமியார் வழக்கம்போலக் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். பக்கத்தில் சொம்பை வைத்தாள். கையில் துண்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் போனேன்.

சங்கு ஊதுகிற நேரம் வந்தது. பனமாலி பின்வாசலில் குனிந்து, கைப்பிடியை மட்டும் பிடித்து, சேஷுவை நிலைப்படிக்கு உள்ளே இறக்கினான். சேஷு பழக்கத்தில் குழாயடிக் கல்லை நோக்கி நகரப் பார்த்தார்.

"அங்கே எங்கே போறே? உள்ளே வா. சாதம் ஆறறது" என்றாள் மாமியார்.

சேஷு என்னைப் பார்த்தார். நான் துண்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் கைகளை ஊன்றிக் கடகடவென்று கூடத்துக்கு நகர்ந்து போய்விட்டார்.

நிறைந்த வாளி நின்றது. மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அரைகுறை வங்காளத்தில், "பனமாலி, இங்கே வா. இந்தக் கல்லில் நில். காலைக் கழுவிக்கொள். நடந்தது நீதானே?" என்றாள்.

அவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்து கல்லில் நின்றான். மாமியார் சொம்பில் மொண்டு, எட்ட நின்று, உயரத்திலிருந்து அவன் புழுதிக்காலில் விட்டாள். எட்ட நின்றுதான். அவளால் முடிந்தது அவ்வளவு. ஆனால் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழுகிற இடத்தைப் பார்த்தே விட்டாள்.

உள்ளே, காய்ந்த தலையோடு உட்கார்ந்து, சேஷு மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.